கைக்குழந்தையின் வளர்ச்சியைக் கேள்வித்தாள் மூலம் பெற்றோரே சரிபார்ப்பது எப்படி?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், ஆஸ்டின் டவுன் பக்கங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, குழந்தை வளர்ச்சிக் கேள்வித்தாள்களை நிரப்ப நான் உதவி வருகிறேன். படிவத்தைக் கையில் வாங்கியதும் தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர் பார்த்தாலே தெரிந்துவிடாதா? எங்களிடம் எதற்கு இத்தனை கேள்விகள்?"

பல நேரங்களில் டாக்டருக்குத் தெரியாது. தடுப்பூசி அறையில் ஊசியைக் கண்டு வீறிட்டு அழும் குழந்தை அங்கே கை தட்டாது, சிரிக்காது, பொம்மையைத் தேடாது. வெளியே வரிசை காத்திருக்கும்போது டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். உங்களுக்கோ நாள் முழுவதும் கிடைக்கிறது. நன்றாக அமைத்த கேள்விகளைக் கேட்டால் பெற்றோர் சொல்லும் பதில் நம்பத்தக்கது என்ற எண்ணத்தின் மேல்தான் இந்த முறை நிற்கிறது. அதற்கு ஒரே நிபந்தனை உண்டு: நாம் பார்த்ததை எழுத வேண்டும். ஆசைப்படுவதை எழுதக்கூடாது. இந்த விளக்கம் முழுவதும் அந்த நிபந்தனையை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கேள்வித்தாள் நோயைக் கண்டுபிடிக்காது. அது ஒரு சல்லடை. கூடுதலாகக் கவனிக்க வேண்டிய குழந்தைகளைத் தனியே எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். சல்லடையில் தங்கிய குழந்தைகளில் சிலர், விரிவாகச் சோதித்தபின் எந்தக் குறையும் இல்லை என்று வீடு திரும்புவார்கள். அதனால் மதிப்பெண் குறைந்தால் இடிந்துபோக வேண்டாம். கூடினால் உங்கள் மனத்தில் உள்ள கவலையை மறைத்துவைக்கவும் வேண்டாம்.

படி 1: எந்தப் படிவம் என்று முடிவு செய்யுங்கள்

உலக அளவில் பெரிதும் புழங்குவது ஏ.எஸ்.கியூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் படிவம். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1995இல் முதலில் வெளிவந்தது, இப்போது பரவலாக உள்ள மூன்றாம் பதிப்பு 2009இல் வந்தது. 2 மாதம் முதல் 60 மாதம் வரை 21 படிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து பகுதிகள்: பேச்சும் புரிதலும், உடல் அசைவு, கைவிரல் வேலை, சிக்கலை அவிழ்க்கும் திறன், பிறரோடு பழகுதல். ஒரு பகுதிக்கு 6 கேள்விகள், ஆக 30. பதில் எழுத 10 முதல் 15 நிமிடம் போதும் என்பார்கள். முதன்முறை நிரப்புகிறவர்கள், குழந்தையோடு விளையாடிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்து, இரண்டு மூன்று நாட்களை ஒதுக்குவதே நல்லது என்பேன்.

இது காப்புரிமை உள்ள படிவம். உங்கள் குழந்தை நல மருத்துவரிடமோ வளர்ச்சி மையத்திலோ கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பாதிப் பக்கங்கள் வேண்டாம். மதிப்பெண் அட்டவணை இல்லாத படிவத்தால் பயனில்லை.

இந்தப் படிவம் கிடைக்காவிட்டாலும் கையில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. கர்நாடகத்தில் 'தாயி கார்டு' என்று சொல்லும் தாய் சேய் நல அட்டையில், எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்ற பக்கம் படங்களோடு இருக்கிறது. தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும் அந்த அட்டையைத் திறக்கும் நாம், அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறோம். சுகாதாரப் பணியாளர்களுக்காகத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 வரிகள் கொண்ட அட்டவணையும் உண்டு. பிறந்தது முதல் 2 வயது வரைக்கானது. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இடப்பக்கம் முடியும் செயல்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்ப்பார்கள். உங்கள் பகுதி அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள்.

எப்போது நிரப்புவது? 9, 18, 30 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. நம் ஊர்க் கணக்குக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகிறது. அந்த இரண்டு நாட்களுக்கும் முந்தைய வாரத்தைக் கேள்வித்தாளுக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. நிரப்பிய தாளைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிவிடலாம்.

படி 2: வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

இந்த இடத்தில் தவறினால் மற்றவை எல்லாமே தவறிப்போகும். "ஒன்பது மாதம் ஆகிறது" என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது, எட்டு முடிந்து ஒன்பது நடப்பதாகவும் இருக்கலாம், ஒன்பது முடிந்து பத்து நடப்பதாகவும் இருக்கலாம். படிவத்துக்கு முடிந்த மாதங்களும் அதற்கு மேற்பட்ட நாட்களும் தேவை. ஒவ்வொரு படிவத்துக்கும் வயது எல்லை உண்டு. 8 மாதப் படிவம் என்றால் 7 மாதம் முடிந்த நாளிலிருந்து 8 மாதம் 30 நாள் வரை. 12 மாதப் படிவம் 11 மாதம் முடிந்த நாளிலிருந்து 12 மாதம் 30 நாள் வரை.

குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 3 வாரமோ அதற்கு மேலோ முன்கூட்டிப் பிறந்திருந்தால், 2 வயது வரை, முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்துத்தான் படிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: டாக்டர் குறித்த பிரசவத் தேதி 2025 ஏப்ரல் 21. குழந்தை பிறந்ததோ மார்ச் 10, அதாவது 6 வாரம் முன்னதாக. டிசம்பர் 15 அன்று படிவம் நிரப்புகிறீர்கள். பிறந்த நாளிலிருந்து எண்ணினால் 9 மாதம் 5 நாள். 6 வாரத்தைக் கழித்தால் ஏறத்தாழ 7 மாதம் 3 வாரம். இந்தக் குழந்தைக்கு 8 மாதப் படிவமே சரி. 9 மாதப் படிவத்தை வைத்தால் நன்றாக வளரும் குழந்தையைப் பின்தங்கியதாகக் காட்டிவிடும். ஸ்கேன் அறிக்கையில் இருக்கும் பிரசவத் தேதியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பிள்ளைகள் வீட்டில் இது கட்டாயம் தேவைப்படும்.

தடுப்பூசியை மட்டும் இப்படித் தள்ளிப்போடக் கூடாது. அது பிறந்த தேதிப்படியே நடக்க வேண்டும்.

படி 3: பொருட்களை எடுத்து வையுங்கள்

விலைகொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கிலுகிலுப்பை, ஒரு சிறிய பந்து, எவர்சில்வர் டம்ளர், கரண்டி, துண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கைக்குள் அடங்கும் கட்டைகள் இரண்டு (காலித் தீப்பெட்டிகளும் போதும்), கெட்டி அட்டையில் படப் புத்தகம். சிறு பொருளை விரல்நுனியால் பொறுக்குகிறதா என்று பார்க்கப் பொரி ஏற்றது, வாயில் போட்டாலும் கரைந்துவிடும். நிலக்கடலை, பொட்டுக்கடலை, பொத்தான் வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். பொரியாக இருந்தாலும் குழந்தையை விட்டு நகராதீர்கள்.

படி 4: கேட்டதைச் செய்ய வைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்கள்: 'ஆம்', 'சில சமயம்', 'இன்னும் இல்லை'. நினைவிலிருந்து எழுதினால் பெரும்பாலும் 'ஆம்' பக்கமே சாய்வோம். நம் பிள்ளை அல்லவா! ஒருமுறை தற்செயலாகச் செய்ததும் மனத்தில் 'ஆம்' என்று பதிந்திருக்கும். ஆகவே கேள்வியைப் படித்துவிட்டுக் குழந்தையிடம் செய்து பாருங்கள். பால் குடித்து, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். பசியோடும் சளிக்காய்ச்சலோடும் இருக்கும் குழந்தையைச் சோதிக்காதீர்கள். விளையாட்டாகவே நடக்கட்டும். முகம் சிணுங்கினால் நிறுத்திவிட்டு மாலையில் தொடருங்கள்.

எடுத்துக்காட்டாக, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தைத் துண்டால் மூடுங்கள். துண்டை விலக்கி எடுக்கிறதா? மூன்று முறையில் மூன்று முறையும் எடுத்தால் 'ஆம்'. ஒருமுறை எடுத்து, மறுமுறை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் 'சில சமயம்'. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு பந்தை மறந்துவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், 'இன்னும் இல்லை'.

உதவி இல்லாமல் உட்காருகிறதா என்ற கேள்விக்கு, தலையணைகளை எடுத்துவிட்டு, உங்கள் கையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். நிற்கிறதா என்ற கேள்விக்கு வாக்கரில் நிற்பது கணக்கில் வராது. அங்கே எடையைத் தாங்குவது வண்டி. (வாக்கரை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். படியில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளால் கனடா 2004இல் அதை விற்கவே தடை போட்டது. நடை கற்க அது உதவுவதுமில்லை.)

தவழாமலே எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் கை, முழங்கால் ஊன்றித் தவழவேயில்லை. அதே ஆய்வின்படி, துணையில்லாமல் உட்காரும் பருவத்தின் பின்னெல்லை 9.2 மாதம், தனியே நடப்பதற்கு 17.6 மாதம். எல்லை எவ்வளவு அகலமானது பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதம் நடந்ததை வைத்து உங்கள் குழந்தையை அளக்காதீர்கள். அதேபோல இந்த எல்லையைக் கடந்த பிறகும் "நடந்துவிடுவான்" என்று காத்திருக்கவும் கூடாது.

முன்பு செய்ததைக் கடந்து போய்விட்ட குழந்தையைப் பற்றிய ஐயம் அடிக்கடி வரும். இப்போது ஓடுகிறான், பிடித்துக்கொண்டு நடப்பதில்லை, அந்தக் கேள்விக்கு என்ன போடுவது? 'ஆம்' என்றே போடுங்கள்.

வாய்ப்பே கிடைக்காத செயல்கள் தனி வகை. ஒற்றை அறை வீடுகளில் சமையலும் படுக்கையும் ஒரே தரையில்தான். எறும்பு, ஈரம், சுடுபாத்திரம் என்று பயந்து குழந்தையைத் தூளியிலோ இடுப்பிலோ வைத்திருப்பது இயல்பு. யாரையும் இதில் குறைசொல்ல முடியாது. தரையில் விடாத குழந்தை புரளவும் தவழவும் கற்க நாளாகும் என்பதும் உண்மைதான். பாயை விரித்து, குப்புறப் படுக்கவைத்து, நீங்களும் எதிரே படுத்து முகத்துக்கு நேரே பேசிக்கொண்டு, நாளைக்குப் பலமுறை சில நிமிடங்கள் விடுங்கள். சில நாள் கழித்து மறுபடி பார்த்துப் பதில் எழுதுங்கள். படிக்கட்டே இல்லாத வீட்டில் படியேறும் கேள்வி போல, முயலவே வழியில்லாததை வெற்றாக விட்டுவிடலாம். அதற்கும் மதிப்பெண் கணக்கு உண்டு, கீழே சொல்கிறேன்.

கைப்பேசியைப் பதிவுக்குப் பயன்படுத்துங்கள். 'சில சமயம்' என்றோ 'இன்னும் இல்லை' என்றோ எழுதியவற்றை அரை நிமிட வீடியோவாக எடுத்து வைத்தால், டாக்டரிடம் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அது தெளிவாகப் பேசும்.

படி 5: பேச்சுப் பகுதியை நிதானமாக நிரப்புங்கள்

பெங்களூர்த் தமிழ் வீடுகளில் மிகவும் குழம்பும் பகுதி இது. வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், சில வீடுகளில் உருது அல்லது தெலுங்கு, போதாததற்குப் படப் புத்தகத்தின் ஆங்கிலம். குழந்தை எத்தனை சொற்கள் சொல்கிறது என்று கேட்டால் எந்த மொழியில் எண்ணுவது?

எல்லா மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள். பாட்டியிடம் 'பால்', பக்கத்து வீட்டு அக்காவிடம் 'ஊட்டா' (கன்னடத்தில் சாப்பாடு), நாயைப் பார்த்தால் 'தோத்தோ' என்றால் மூன்று சொற்கள். உச்சரிப்பு திருத்தமாக இருக்கத் தேவையில்லை. ஒரே ஒலியை ஒரே பொருளுக்கு, திரும்பத் திரும்ப, தானாகச் சொன்னால் அது சொல்தான். தண்ணீருக்கு எப்போதும் 'ண்ணி' என்றால் எண்ணிக்கையில் சேரும். நீங்கள் 'அத்தை சொல்லு, அத்தை சொல்லு' என்று கெஞ்சியபின் ஒருமுறை எதிரொலித்தால் சேராது. கைப்பேசியில் ஓடும் பாட்டின் வரியைப் பொருள் இல்லாமல் ஒப்பிப்பதும் சேராது.

இரண்டு மொழி கேட்பதால்தான் குழந்தை பேசவில்லை என்று சிலர், படித்தவர்களும்கூட, சொல்கிறார்கள். அதை நம்பி வீட்டில் தமிழை நிறுத்தியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பல மொழி கேட்பது வளர்ச்சித் தாமதத்தை உண்டாக்காது. தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் ஒரு தாய் குழந்தையிடம் தட்டுத்தடுமாறிப் பேசினால், அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவுதான் குறையும்.

முதல் வயதில் வாயிலிருந்து வரும் சொல்லைவிட, அதற்கு முந்தியவற்றைக் கவனியுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? 'பபப', 'தததா' என்று மழலை கோக்கிறதா? நீங்கள் கை வீசினால் தானும் வீசுகிறதா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? இந்தச் சுட்டலும் திரும்பிப் பார்த்தலும் 12 மாதம் ஆகியும் வரவில்லை என்றால், எத்தனை சமத்தாக இருந்தாலும், கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். 'தொந்தரவே செய்யாத குழந்தை' என்று உறவினர் பாராட்டும் குழந்தையை நான் இன்னும் கூர்ந்து பார்ப்பேன்.

படி 6: பகலில் குழந்தையோடு இருப்பவரையும் கேளுங்கள்

தாய் பீன்யாவில் ஆயத்த ஆடை ஆலைக்கோ, ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்கோ போய்விட்டால், பகல் முழுவதும் குழந்தையைப் பார்ப்பவர் தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து தங்கியிருக்கும் பாட்டிதான். அல்லது குழந்தைகள் காப்பகத்தின் ஆயா. அவர்கள் பதில் இல்லாமல் படிவம் முழுமையாகாது. கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நன்றாகப் பேசுகிறானா அம்மா?" என்றால் "எல்லாம் பேசுகிறான், சுட்டி" என்று வரும். "இன்று காலை தண்ணீர் வேண்டும் என்பதை எப்படிக் காட்டினான்?" என்று கேளுங்கள். "டம்ளரைக் கையால் இழுத்தான்" என்று நடந்ததைச் சொல்வார்கள். அதைக் கொண்டு கட்டத்தில் குறியிடலாம்.

படிக்கத் தெரியாதவருக்கோ, கன்னடப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்து தெரியாதவருக்கோ நீங்கள் படித்துக் காட்டுவதாக இருந்தால், கேள்வியைப் படிவத்தில் உள்ளபடியே சொல்லுங்கள். கூடவே செயலை உங்கள் கையால் நடித்துக் காட்டுங்கள். பதில் வரும்வரை முகத்தில் எதையும் காட்டாதீர்கள். 'இன்னும் இல்லை' என்றதும் உங்கள் புருவம் சுருங்கினால், அடுத்த கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என்றே பதில் வரும். மாமியார் அருகில் இருக்கும்போது வாய்திறக்காத மருமகளைத் தனியே இன்னொரு முறை கேட்பதும் தேவை.

படிவத்தின் கடைசிப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. குழந்தை நன்றாகக் கேட்கிறதா, பார்க்கிறதா, வேறு ஏதாவது கவலை உண்டா என்று பொதுவாகக் கேட்கும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். நானோ இதைத்தான் முதலில் படிக்கிறேன். "இவன் அண்ணனைப் போல இல்லை, ஏதோ மந்தமாக இருக்கிறான்" என்று ஒரு பாட்டி சொன்னால், நான்கு பிள்ளை வளர்த்தவரின் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள்.

படி 7: மதிப்பெண் போடுங்கள்

'ஆம்' 10, 'சில சமயம்' 5, 'இன்னும் இல்லை' 0. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டுங்கள், உச்ச அளவு 60. உடல் அசைவில் இரண்டு 'ஆம்', இரண்டு 'சில சமயம்', இரண்டு 'இன்னும் இல்லை' என்றால் 30. ஐந்து பகுதிகளையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். பேச்சில் பின்தங்கிய குழந்தை ஓட்டத்தில் முந்தியிருந்தால் மொத்த எண் அந்தக் குறையை மூடிவிடும்.

வெற்றாக விட்ட கேள்வி ஒன்றோ இரண்டோ என்றால், மற்றவற்றின் சராசரியை அந்த இடத்தில் போட வேண்டும். ஐந்து கேள்விகளில் 45 வந்திருந்தால் சராசரி 9, ஆக அந்தப் பகுதிக்கு 54. மூன்றோ அதற்கு மேலோ வெற்றாக இருந்தால் அந்தப் பகுதியைக் கணக்கிட முடியாது.

பிறகு படிவத்தோடு வரும் அட்டவணையில், அந்த வயதுக்கும் அந்தப் பகுதிக்கும் உரிய எல்லைக்கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் அது மாறும். ஒரு வயதின் எல்லையை இன்னொரு வயதுக்குப் பொருத்தாதீர்கள்.

படி 8: விளைவுக்கு ஏற்ப நடந்துகொள்ளுங்கள்

எல்லாப் பகுதியும் எல்லைக்கு நன்றாக மேலே இருந்தால், தாளைப் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த வயதில் மறுபடி நிரப்புங்கள்.

எல்லையை ஒட்டிய இடைப்பகுதியில் விழுந்தால், அந்தத் திறனுக்கான விளையாட்டுகளை அன்றாடம் சேர்த்து, இரண்டு மாதத்துக்குள் அப்போதைய வயதுக்குரிய படிவத்தை நிரப்பிப் பாருங்கள். தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். குறிக்காத தேதி வருவதேயில்லை.

எல்லைக்குக் கீழே ஒரே ஒரு பகுதி விழுந்தாலும் மருத்துவரிடம் போங்கள். முதலில் கேட்கும் திறன், பார்வை இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிறந்தபோது ஓ.ஏ.இ. என்ற கேட்புச் சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் கேட்புக் குறை வரலாம். ஒலிக்குக் கேட்பு நரம்பு தரும் பதிலை அளக்கும் பெரா சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு, இரும்புச் சத்துக் குறைவு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் டாக்டர் எழுதக்கூடும். அதன்பின் உளவியலாளர் டி.ஏ.எஸ்.ஐ.ஐ போன்ற விரிவான சோதனையைச் செய்வார். இந்தியக் குழந்தைகளுக்கென வரையறுத்த அந்தச் சோதனை 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு உரியது.

16 முதல் 30 மாதக் குழந்தைக்கு ஆட்டிசம் குறித்த 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற தனிப் படிவம் இருக்கிறது. இரண்டு வயதை நெருங்கும் குழந்தைக்கு இரண்டையும் நிரப்புவது நல்லது.

பெங்களூரில் எங்கே போவது? ஓசூர் சாலைப் பக்கம் நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத் துறை இருக்கிறது. அதன் அருகிலேயே இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை. கே.ஆர். மார்க்கெட் பக்கம் அரசு வாணி விலாஸ் மருத்துவமனை. கேட்பும் பேச்சும் மட்டும் சிக்கல் என்றால் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்புக் கழகம் உண்டு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்துக்கும் சோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேட்டால் வளர்ச்சித் தாமதத்துக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு வழி சொல்வார்கள்.

கேள்வித்தாளுக்குக் காத்திராமல் போக வேண்டிய நேரங்கள்

3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. 5 மாதத்தில் தலை நிற்கவில்லை. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மூடியே வைத்திருக்கிறது. உடல் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது. 12 மாதத்தில் மழலை இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 24 மாதத்தில் 'அம்மா வா' போல இரு சொல் சேரவில்லை. எந்த வயதிலும், வந்த சொல்லோ பழக்கமோ மறைந்துபோகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

"அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான்", "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் காது கேளாத குழந்தைக்கு இந்தச் சொற்கள் ஒரு வருடத்தைத் தின்றுவிடும். கேட்புக் குறையை 3 மாதத்துக்குள் உறுதிசெய்து, 6 மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட இலக்கு. மூளை வேகமாக வளரும் காலம் இந்த முதல் மூன்று ஆண்டுகள். டாக்டரே "பொறுத்துப் பார்ப்போம்" என்றால், எத்தனை வாரம் பொறுப்பது, எந்த மாற்றத்தை எதிர்பார்ப்பது என்று தயங்காமல் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது நிரப்பிய படிவத்தின் நகல், தாயி கார்டு, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, கேட்புச் சோதனை அறிக்கை, எடுத்துவைத்த வீடியோக்கள் ஆகியவற்றோடு, பகலில் குழந்தையைப் பார்ப்பவரையும் முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். விரிவான சோதனைக்குத் தேதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தால் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றைத் தொடங்க நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்ததோ அதற்கான பயிற்சியை உடனே தொடங்கலாமா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.